சுவரில் சான்றிதழ், மேசையில் நாய்

நாய்க்கு நகம் வெட்டுவது பார்க்க எளிய வேலை. வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். அதற்குச் சற்று முன்னால் வெட்டி நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போய், வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி தென்பட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். சற்றே கூடினால் ரத்தம் கொட்டும். ஸ்டிப்டிக் பவுடரை அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும், ஆனால் அந்த நாய் அடுத்த முறை பாதத்தைத் தொட விடாது. அதற்கடுத்த முறை கடிக்கவும் செய்யலாம்.

அமெரிக்காவில் மனிதருக்கு நகம் வெட்டிச் சாயம் பூச ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அரசு உரிமம் வேண்டும். லூசியானாவில் பூக்கடைக்காரருக்குக்கூட நெடுங்காலம் உரிமத் தேர்வு இருந்தது. நாய்க்கு நகம் வெட்டுகிறவருக்கு எந்த மாநிலத்திலும் தனிநபர் உரிமம் கிடையாது. கனெக்டிகட் போன்ற இடங்களில் கடைக்கு உரிமம் உண்டு. கத்தரியைப் பிடிக்கும் கைக்கு இல்லை. கடையைப் பார்க்கும் சட்டம் கையைப் பார்ப்பதில்லை என்ற இந்தக் கோளாறு, செல்லப்பிராணிப் பராமரிப்புத் தொழிலை ஒழுங்குபடுத்த முனைந்த பல நாடுகளிலும் வெவ்வேறு வடிவில் தலைகாட்டுகிறது. க்ரூமர், நாய்ப் பயிற்சியாளர், போர்டிங் ஊழியர், கால்நடை மருத்துவமனை உதவியாளர் ஆகியோருக்குச் சான்றிதழும் தொடர்கல்வியும் எந்த அளவுக்குப் பயன்பட்டிருக்கின்றன என்று பார்க்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1962-ல் வெளியான 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' நூலில் தொழில் கட்டுப்பாட்டை மூன்று படிகளாகப் பிரித்தார். முதல் படி பதிவு: பெயரைக் கொடுத்துவிட்டு யாரும் தொழில் செய்யலாம். இரண்டாவது சான்றளிப்பு: தேர்ந்தவர் இவர் என்று ஓர் அமைப்பு சொல்லும், தேராதவரும் தொழில் செய்யத் தடையில்லை. மூன்றாவது உரிமம்: அது இல்லாதவர் தொழிலே செய்யக் கூடாது. மருத்துவருக்குக்கூட உரிமம் வேண்டாம் என்று வாதிட்டவர் அவர். உரிமம் பெற்றவர்கள் சேர்ந்துகொண்டு புதியவர்களை உள்ளே விடாமல் விலையை ஏற்றுவார்கள் என்பது அவருடைய கவலை. அது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் 1950-களில் நூற்றுக்கு ஐந்து தொழிலாளர்கூட உரிமத் தொழிலில் இல்லை. இன்று ஏறத்தாழ கால் பங்கினர் இருக்கிறார்கள். மாரிஸ் கிளைனர் போன்ற தொழிலாளர் பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வுகளில் உரிமம் வந்ததும் கூலியும் விலையும் ஏறியது தெரிகிறது. தரம் அதே அளவுக்கு உயர்ந்ததற்குச் சான்று குறைவு.

எதிர்ப்பக்க வாதம் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து வருகிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்றார் அவர். செல்லப்பிராணிப் பராமரிப்பு இதற்கு மிகச் சரியான உதாரணம். நாயை விட்டுவிட்டு வீட்டுக்காரர் போய்விடுகிறார். உள்ளே நடந்ததை நாய் வந்து சொல்லப்போவதில்லை. மாலையில் வாசனையோடும் கழுத்தில் பட்டு நாடாவோடும் திரும்பி வரும் நாய் பகல் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்ததா, தூங்கிக்கொண்டிருந்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை. சலூனில் கழுத்து வெட்டுப்பட்டால் நாம் அங்கேயே கத்திவிடுவோம். அந்த வகையில் பார்த்தால், மனித முடிதிருத்தத்துக்குச் சொல்லும் 'வாடிக்கையாளரே பார்த்துக்கொள்வார்' என்ற வாதம் இங்கே செல்லாது. உரிமம் கூடாது என்று ஃப்ரீட்மன் சொன்னதை ஏற்பவர்கூட இரண்டாம் படியான சான்றளிப்பையாவது இங்கே வலுவாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டாம் படியை ஒழுங்காகக் கட்டிப் பார்த்தவர்கள் அமெரிக்க நாய்ப் பயிற்சியாளர்கள். இங்கிலாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர் இயன் டன்பர் 1993-ல் செல்லநாய்ப் பயிற்சியாளர் சங்கத்தைத் தொடங்கினார். சங்கமே தேர்வும் வைத்தால் தன் ஆட்களுக்குத் தானே மதிப்பெண் போட்டதாகிவிடும் என்பதால் 2001-ல் தேர்வுக்கென்று தனி அமைப்பு உண்டானது. அதன் சி.பி.டி.டி.-கே.ஏ. சான்றைப் பெற முந்தைய மூன்று ஆண்டுகளில் குறைந்தது 300 மணி நேரம் பயிற்சி அளித்த அனுபவம் வேண்டும். அதை இன்னொரு சான்றிதழாளரோ கால்நடை மருத்துவரோ உறுதிப்படுத்த வேண்டும். அதன்பின் 180 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு. தேறினாலும் சான்று மூன்று ஆண்டுக்குத்தான். அதற்குள் 36 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்காதவர் மறுபடி தேர்வு எழுத வேண்டும். இந்தியாவிலும் இதை வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு.

இந்த ஏற்பாட்டில் மெச்ச வேண்டியது இரண்டு. கற்றுக்கொடுப்பவர் வேறு, தேர்வு வைப்பவர் வேறு. பணம் கட்டி வகுப்புக்கு வந்த எல்லாருக்கும் கடைசி நாளில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் தாளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். உலகம் முழுக்க 'சர்ட்டிஃபைட்' என்ற பலகைகளில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது என்பது என் ஐயம். இரண்டாவது, சான்றுக்குக் காலாவதி இருக்கிறது. குறையும் வெளிப்படையாகத் தெரிவதுதான்: விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, நாயின் காது பின்னால் மடிவதை ஒருவர் கவனிக்கிறாரா என்று சொல்லாது. அதனால் பயிற்சியை வீடியோவாக எடுத்து அனுப்பி மதிப்பிடச் செய்யும் மேல்நிலைச் சான்று ஒன்றையும் அதே அமைப்பு பின்னால் கொண்டுவந்தது. அதை நாடுவோர் குறைவு. கையைப் பார்க்கும் தேர்வுக்குச் செலவும் அதிகம், கூச்சமும் அதிகம்.

க்ரூமர்கள் பக்கம் கதை வேறு. அமெரிக்க நாய் க்ரூமர்களின் தேசியச் சங்கம் 1969-லிருந்தே இருக்கிறது. அதன் சான்று நாயை நேரில் வெட்டிக் காட்டும் செய்முறைத் தேர்வைக் கொண்டது. ஆனால் அதில் இனத்துக்கேற்ற முடியமைப்பு, கத்தரியின் நேர்த்தி போன்ற அழகியல் அளவுகோல்களுக்குப் பெரிய இடம். நாயைக் கொல்வது கோணல் வெட்டு இல்லை, சூடு. நாய்க்கு உடல் முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். குளித்த நாயைக் கூண்டில் வைத்து வெப்பக் காற்று அடிக்கும் ட்ரையரை ஓடவிட்டுவிட்டு மறந்து போனால், பக் மாதிரித் தட்டை மூக்கு நாய் வெகு சீக்கிரம் சுருண்டுவிடும். நியூ ஜெர்சியில் 2011-ல் க்ரூமிங் கடையில் இறந்த பிஜூ என்ற ஷிட்சு நாயின் பெயரால் க்ரூமருக்கு உரிமம் கேட்கும் மசோதா வந்தது. பலமுறை சட்டமன்றத்துக்குப் போயும் அது சட்டமாகவில்லை. சிறு கடைக்காரர்களின் எதிர்ப்பு ஒரு காரணம். நாய் சட்டப்படி உடைமைதானே என்ற பழைய பார்வை இன்னொன்று.

தொடர்கல்வி எதற்கு என்று கேட்பவருக்கு ஓநாய்க் கதையைச் சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சியகத்தில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-ல் ஓர் ஆய்வு எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் சண்டை வரும். வென்றது தலைமை ஓநாய் ஆகும். இதை ஓநாய்களின் இயல்பே என்று எடுத்துக்கொண்டார்கள். டேவிட் மெக் 1970-ல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் இந்தக் கருத்தைப் பரப்பியது. ஓநாய்க்கு ஆல்ஃபா என்றால் நாய்க்கும் ஆல்ஃபா, அந்த ஆல்ஃபா வீட்டுக்காரர்தான் என்று பயிற்சியாளர்கள் முடிவுகட்டினார்கள். நாயை மல்லாக்கத் தள்ளிப் பிடித்து 'நான்தான் தலைவன்' என்று காட்டும் முறை நியூ யார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978-ல் வெளியிட்ட நூல் வழியாக வீட்டுக்கு வீடு போனது. துறவிகளே பின்னர் திருத்திய பதிப்பில் அதைக் கைவிட்டார்கள். எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் அருகிருந்து பார்த்த மெக், 1999-ல் எழுதிய கட்டுரையில் காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தை பிள்ளைகள் கொண்ட குடும்பம், தலைமைக்கு அடித்துக்கொள்வது அங்கே அபூர்வம் என்று தன் பழைய கருத்தைத் தானே திருத்திக்கொண்டார். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே எல்லா நாய்களுக்கும் பரிந்துரைத்தது.

இவ்வளவும் நடந்த பிறகு இன்றைக்கும் நம் ஊர்ப் பூங்காவில் சங்கிலியைச் சுண்டி இழுத்து 'அவனுக்கு நீதான் பாஸ்னு தெரியணும் சார்' என்று சொல்லும் பயிற்சியாளரைப் பார்க்கலாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கற்ற காலத்தில் அதுதான் பாடம். அதற்குப் பிறகு அவரைத் தேடி எந்தப் பாடமும் வரவில்லை.

பாடம் வந்துவிட்டால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. மனித மருத்துவர்களின் தொடர்கல்வியைப் பற்றி டேவ் டேவிஸும் சகாக்களும் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் 1999-ல் எழுதிய மதிப்பாய்வு, வெறும் விரிவுரை கேட்டுத் திரும்பியவர்களின் வேலைமுறை மாறவில்லை, செய்து பார்த்தும் விவாதித்தும் கற்றவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது என்றது. நன்றாகப் படித்த மருத்துவருக்கே இந்த நிலை என்றால், கைபேசியில் வெபினாரை ஓடவிட்டுக்கொண்டே பூடில் நாய்க்கு முடி வெட்டும் க்ரூமர் சேர்க்கும் புள்ளிகளுக்கு என்ன மதிப்பு? புள்ளிகளை எண்ணும் முறைக்கு இந்த நோய் எப்போதும் உண்டு.

இதில் பிரிட்டனின் கால்நடைச் செவிலியர் வரலாறு பார்க்கத் தக்கது. 1961-ல் முறையான பயிற்சி தொடங்கியபோது 'நர்ஸ்' என்ற பட்டம் மனிதச் செவிலியருக்கே உரியது என்பதால் இவர்களைப் பதிவுபெற்ற விலங்குப் பராமரிப்பு உதவியாளர்கள் என்ற வகையில் அழைத்தார்கள். 1984-ல்தான் செவிலியர் என்ற பெயர் கிடைத்தது. இன்று பதிவுபெற்றவர் ஆண்டுக்கு 15 மணி நேரம், கால்நடை மருத்துவர் 35 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும். மணிக்கணக்கோடு நிற்காமல், கற்றதால் உன் வேலையில் என்ன மாறியது என்று எழுதிவைக்கவும் சொல்கிறார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அங்கே 'கால்நடைச் செவிலியர்' என்று யாரும் தன்னை அழைத்துக்கொள்ளச் சட்டத் தடை இல்லை என்பது வேடிக்கை.

போர்டிங், நாய்க் காப்பகம் ஆகியவற்றுக்கு இங்கிலாந்து 2018 அக்டோபர் 1 முதல் புதிய உரிம விதிகளைக் கொண்டுவந்தது. உள்ளாட்சி ஆய்வாளர் வந்து பார்த்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுப்பார். நட்சத்திரம் கூடினால் உரிமம் மூன்று ஆண்டு வரை நீளும், செலவு குறையும். ஊழியர் பயிற்சிக்கு எழுத்துப்பூர்வத் திட்டம் வேண்டும். பயிற்சிக்கு நேரடியாகக் காசு மிச்சமாகும்படி செய்த இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் க்ரூமிங்கும், வீட்டு நாய்களுக்கான பயிற்சியும், நாயை நடைக்கு அழைத்துப்போகும் தொழிலும் அந்த விதிகளுக்கு வெளியே நிற்கின்றன.

ஜெர்மனி நேர் எதிர்த் திசையில் போனது. விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி 2014 ஆகஸ்ட் முதல், காசு வாங்கிக்கொண்டு பிறர் நாய்க்குப் பயிற்சி அளிப்பவர் உள்ளூர்க் கால்நடை அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். தன் அறிவையும் திறனையும் நிரூபிக்க வேண்டும். எது நிரூபணம் என்பதை ஒவ்வொரு அலுவலகமும் தன் போக்கில் முடிவு செய்ததில் குழப்பம் வந்தது. பல ஆண்டாகத் தொழில் செய்தவர்கள் தேர்வுக்கு உட்காரச் சொன்னதும் நீதிமன்றம் போனார்கள்.

ஜப்பான் இரண்டையும் சேர்த்துக் கட்டியது. அங்கே 2006 முதல் விலங்குத் தொழிலுக்குப் பதிவு கட்டாயம். விற்பனை, பயிற்சி, தங்கவைத்தல் எல்லாம் இதில் வரும். க்ரூமிங் கடைகூட விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் தொழில் என்ற கணக்கில் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பொறுப்பாளரைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். அவருக்குத் தகுதியோடு அனுபவமும் வேண்டும் என்று 2020-ல் விதியை இறுக்கினார்கள். மாகாண நிர்வாகம் நடத்தும் பயிற்சிக்கும் அவர் போயாக வேண்டும். கால்நடை மருத்துவமனை உதவியாளருக்கு 2019-ல் தனிச் சட்டம் இயற்றி, 2023 பிப்ரவரியில் முதல் தேசியத் தேர்வை நடத்தினார்கள். இத்தனைக்கும் நடுவில், பொறுப்பாளர் பயிற்சிக்குப் போயிருக்கும் நாளில் நாயைக் குளிப்பாட்டும் பகுதிநேர ஊழியர் மேல் சட்டத்தின் பார்வை மெல்லியதாகத்தான் படிகிறது.

இந்தியாவுக்கு வருவோம். வதைத் தடுப்புச் சட்டம் 1960-ஐச் சேர்ந்தது. விலங்கைத் துன்புறுத்தியதற்கு முதல் முறை அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017-லும், செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-லும் விதிகள் வந்தன. இரண்டும் விற்பனையைச் சுற்றியவை. சிகிச்சை அளிப்பது பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்கு மட்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடுவில் இருக்கும் குளியல், முடிவெட்டு, பயிற்சி, தங்கவைத்தல் எல்லாம் திறந்தவெளி. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 23 நாயினங்களை வளர்க்கத் தடை கோரிச் சுற்றறிக்கை விட்டது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதையொட்டி நடந்த பேச்செல்லாம் எந்த இனம், யார் வளர்த்தார், உரிமம் இருந்ததா என்றே போயிற்று. இப்படிப்பட்ட நாயைப் பழக்கக் காசு வாங்குபவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்பது பெரிய கேள்வியாக எழவே இல்லை.

நம் க்ரூமிங் கடைகளில் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்குகிறது. அது முதலாளி பெயரில் இருக்கும். உள்ளே மேசையில் நாயைப் பிடித்திருப்பது உதவியாளர் பையன். பல கடைகளில் அவன் வடகிழக்கிலிருந்தோ தென் மாவட்டத்திலிருந்தோ வந்தவன். கூட வேலை பார்த்தவனிடம் கற்றவன். பல நேரம் முதலாளியைவிட அவன் கை சுத்தமாக இருக்கும். அவனுக்குத் தெரியாமல் போகக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். நாயின் முதுகில் சொட்டாக விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் செறிவாக இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. மீதமிருக்கிறதே என்று பூனைக்கு விட்டால், அதன் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாமல் சில மணி நேரத்தில் உடம்பு உதறி வலிப்பு வரும். மருந்துப் பெட்டியில் சிறிய ஆங்கில எழுத்தில் எச்சரிக்கை இருக்கும். அரை மணி நேரப் பாடத்தில் தீரும் விஷயம் இது.

வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே இறக்கினாலும் இங்கே ஓட்டை விழும். பிறவியிலேயே காது கேளாத வெள்ளை ராஜபாளையம் நாய்கள் உண்டு. கூப்பிட்டால் திரும்பாத நாயை அடங்காதது என்று நினைத்து அடிக்கிற பயிற்சியாளர், முதலில் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்திருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல், சித்திரை வெயிலில் ஹஸ்கி, ரேபிஸ் பயம், இவையெல்லாம் நம் பாடத்தின் முதல் பக்கங்கள். தீபாவளி வாரத்தில் ஊருக்குப் போகிறவர்கள் நாயை போர்டிங்கில் விடுகிறார்கள். வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாய்கள் நிறையும் அதே வாரத்தில் பழகிய ஆட்களும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். எந்தத் தேர்வு அமைப்பும் இதைக் கேள்வியாக வைத்திருக்க வாய்ப்பில்லை.

கற்பிக்க இடமில்லாமல் இல்லை. வேப்பேரியில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வந்தது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று கல்லூரிகள் பரவியிருக்கின்றன. நாயை மேசையில் நிறுத்தி, தமிழில் வாய்மொழியாகக் கேட்டு, கையைப் பார்த்து மதிப்பிடும் ஒரு நாள் தேர்வை இவற்றில் நடத்த முடியும். சான்று கடையின் பெயரில் இல்லாமல் ஆளின் பெயரில், மூன்று ஆண்டுக் காலாவதியோடு, சட்டைப்பையில் வைக்கும் அட்டையாக இருக்கலாம். ஏற்கெனவே வேலை தெரிந்தவரை வகுப்பில் உட்கார வைக்காமல் சோதித்துச் சான்று தரும் முறை, முன்கற்றல் அங்கீகாரம் என்ற பெயரில் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் மற்ற தொழில்களுக்கு உண்டு. கடைக்கு உரிமம் தரும்போது மாநகராட்சி அந்த அட்டைகளைக் கேட்டால் போதும்.

இதில் முரண்டு பிடிக்கப்போவது முதலாளிதான், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. கேரி பெக்கர் 1964-ல் எழுதிய மனித மூலதன நூலில் சொன்னது இது: எந்தக் கடையிலும் செல்லுபடியாகும் பொதுத் திறனுக்கு ஒரு முதலாளி தன் பணத்தைச் செலவிட மாட்டார், கற்றவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். அட்டை கையில் வந்த மறுமாதம் பையன் கூலி கூட்டிக் கேட்பான், இல்லாவிட்டால் எதிர்த்தெருவில் தனக்கென்று ஒரு மேசை போடுவான். தேர்வுக் கட்டணத்தை அவனே கட்ட முடியாது. முதலாளி கட்ட மாட்டார். மாநகராட்சி வாங்கும் நாய் உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. நாய் வளர்ப்பவர் கொடுத்த பணம் நாயைத் தொடும் கைக்கே போகும். அதன் பிறகும் கூடுதல் கூலி க்ரூமிங் கட்டணத்தில் ஏறும், 'ஒரு குளியலுக்கு இவ்வளவா?' என்று கேட்டுவிட்டு அட்டை இல்லாத கடையைத் தேடிப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை நிறுத்த எந்தப் பாடத்திட்டத்திலும் வழி இல்லை.